மூணாம் ரூம் செவந்த காலை

மக வேலைக்குக் கெளம்பிப் போனதும் அவ மொதல்ல புரோகிராம் எழுதிப் பாத்த பழைய லேப்டாப்பத் தொறந்து வச்சுக்கிறது எனக்கு ஒரு பழக்கமா ஆயிருந்துச்சு. அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா, "முப்பத்தோரு வருசம் அந்த ஐஸ் ரூம்ல நின்னது போதலையாப்பா, இன்னும் அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க"ன்னு சிரிப்பா. அதனால அவ காடி சந்து முனையில திரும்புற சத்தம் கேட்டப்புறம்தான் தொறப்பேன். பசியாறிட்டு, பால் ஊத்தாத தே ஓ ஒரு கப்பு பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்தா மத்தியானம் வரைக்கும் நேரம் போறதே தெரியாது. தூக்கம் வந்தா மூடிட்டுப் போயிப் படுத்துருவேன்.

அந்த ஸ்க்ரீன்ல ஒண்ணும் பெரிசா இல்ல. நாலு கட்டம். மெர்சிங் கடற்கரையில நான் வேலை பாத்த, மீன் வைக்கிற ஐஸ் ஸ்டோர்ல நாலு ரூம் இருக்கு, ஒரு ரூமுக்கு ஒரு கட்டம். உள்ள எவ்ளோ குளுருன்னு நம்பர் வரும். மைனஸ் பதினெட்டு, மைனஸ் பத்தொம்பது. எழுத்து எனக்குச் சரியா வராது, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ரெண்டாவதோட நின்னவன் நான். ஆனா நம்பர் நல்லா வரும். மீன் நிறுத்து நிறுத்து வந்த படிப்பு அது. திடீர்னு ரெண்டாம் ரூம் பதினாலுக்கு ஏறுனா எனக்குப் புரிஞ்சுரும், எவனோ கதவத் தொறந்து வச்சுட்டு வாசல்லயே நின்னு கதை பேசுறான்னு. இங்க பெர்மாஸ் ஜெயாவுல, எங்க வீட்டுல உக்காந்துக்கிட்டே, "கதவ மூடுடா, மீனு வீணாப் போவுது"ன்னு திட்டுவேன். அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா நான் தனியா பேசுறேன்னு நெனச்சிருக்கும்.

கட்டத்துக்குக் கீழ சின்னதா ஒரு வட்டம் இருக்கும். பச்சையா. அதுதான் பட்டன். அதுக்காகத்தான் இந்த வேலையே நடந்துச்சு.

ஐஸ் ரூமுக்குள்ள ஒரு ஆளு மாட்டிக்கிட்டா கூப்பிட வழி கெடையாது. செவரு ஒரு முழம் தடிப்பு. உள்ள எவ்ளோ கத்துனாலும் வெளிய கொசு கத்துற அளவுக்குக்கூட கேக்காது. போன் லைனும் வராது. அதனால ஒவ்வொரு ரூமுக்குள்ளயும் ஒரு செவப்பு பட்டன் வைக்கணும், அத அழுத்துனா ஆபீஸ்ல சைரன் அடிக்கணும். இந்த வேலைய எம்மக கம்பெனிதான் எடுத்துச்சு. கம்பெனி ஜொகூர் பாருவுல இருக்கு. அவ அதுல புரோகிராம் எழுதுறவ. அந்த ஸ்டோர் பேர கேட்டதும் அவளே போயி எனக்குக் குடுங்கன்னு கேட்டு வாங்கிருக்கா. ஏன்னு அவ எங்கிட்ட சொல்லல, நானும் கேக்கல. எனக்கு எடது கையில ரெண்டு வெரல் நுனி மரத்துப் போனது. சின்னப் பிள்ளையில அத அழுத்தி அழுத்திப் பாத்து, "வலிக்குதாப்பா? இப்ப?"ன்னு வெளையாடுனவ அவ.

ஒரு நாள் ராச் சாப்பாட்டுக்கு உக்காந்தப்ப கேட்டேன், எப்படிம்மா அந்தப் பட்டனு அவ்ளோ தூரம் பேசுதுன்னு.

"பட்டன் நேரா சைரன்கிட்ட பேசாதுப்பா. நடுவுல ஒரு புரோக்கர் இருக்கு."

"யாரு, சீனனா?"

"ஐயோ, ஆளு இல்லப்பா. அதுவும் ஒரு புரோகிராம்தான். சிங்கப்பூர்ல வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்ல ஓடுது. பட்டன் சேதிய அதுகிட்ட குடுக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னாடியே அதுகிட்ட போயி, 'நான் இன்னாரு, பட்டன் சேதி வந்தா எனக்குக் குடு'ன்னு சொல்லி வச்சிருக்கும். வந்ததும் அது தள்ளிவிட்டுரும்."

"அந்தப் பேச்செல்லாம் நீயே எழுதுனியா?"

"இல்ல. எப்படிப் போயிச் சேரணும், எப்படிக் கேட்டு வாங்கணும், லைன் அறுந்தா எப்படித் திரும்பப் புடிக்கணும், எல்லாத்தையும் ஏற்கெனவே ஒருத்தன் எழுதி வச்சிருக்கான். லைப்ரரின்னு சொல்லுவோம். கடையில விக்கிற தோசை மாவு மாதிரி. நான் ஆட்ட வேண்டியதில்ல, ஊத்துனா போதும்."

"மாவு புளிச்சிருந்தா?"

"அதான் என் தலவலியே"ன்னு சொல்லி எந்திரிச்சுப் போயிட்டா.

தலவலி உண்மைதான். பட்டன் வச்சு மூணு வாரம் ஆச்சு. அவ வீட்டுல இருந்து வேலை செய்யிற நாள்ல அங்க ஸ்டோர்ல இருக்குற எங்கூட்டாளிக்கு போன் போட்டு, "மாமா, ரெண்டாம் ரூம் பட்டன அழுத்துங்க"ம்பா. அங்க சைரன் அடிக்கிறது போன்லயே கேக்கும். பத்து தடவ அழுத்துனா பத்து தடவயும் அடிக்கும். ஆனா அவளே காடி எடுத்துக்கிட்டு, கோத்தா திங்கி தாண்டி, செம்பனைக் காட்ட தாண்டி, ரெண்டரை மணி நேரம் ஓட்டி மெர்சிங் போயி நின்னா, சத்தமே வராது. காலையில அடிக்காது. மத்தியானம் சாப்புட்டு வந்து அழுத்துனா அடிக்கும். லைன் சரியில்லன்னு லைன்காரன வரச் சொன்னா. அவன் வந்து பாத்துட்டு லைன் சுத்தம்னுட்டான்.

"நான் வீட்டுல இருந்தா ஓடுது, அங்க போனா ஓடல. என்னயக் கண்டா அதுக்குப் புடிக்கல போலருக்கு"ன்னா ஒரு நாளு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா நகத்தக் கடிச்சுக்கிட்டு இருந்தா. நாலஞ்சு நாளா சரியா சாப்புடல.

ஏன்னா ஸ்டோர் மொதலாளி, அந்தத் தவ்கே, தேதி குடுத்துட்டாரு. புதன்கெழம மூணு மணிக்குள்ள எல்லா ரூமும் சோதிச்சு கையெழுத்துப் போடணும். போட்டுட்டா, அடுத்த நாள்ல இருந்து கதவுகிட்ட ஆளு நிறுத்துறது கெடையாது. பட்டன்தான் வந்துருச்சே, ஆளு எதுக்குன்னு கேக்குறாரு. அவ கையெழுத்த நம்பி நாளைக்கு ஒரு பங்களாதேசுப் பையனோ நேப்பாளியோ தனியா உள்ள போவான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கூட்டாளின்னேன், அவனப் பத்தி சொல்லணும். இப்ப அவன்தான் அங்க மண்டோரு. ஆளுங்கள வேலை வாங்குறது அவன் பொறுப்பு. அறுபது தாண்டியும் தவ்கே அவன விடல. என்னயவிட ஏழெட்டு வயசு எளையவன். என் வெரலு போனதுக்கும் அவனுக்கும் சம்பந்தம் உண்டு.

அந்தக் காலத்துல பட்டன் ஏது. ஐஸ் ரூமுக்கு வெளிய ஒரு பலகை. அதுல ஆணி வரிசை. ஆணிக்கு ஒரு தகரத்துண்டு, அதுல நம்பர் அடிச்சிருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு நம்பரு. உள்ள போறப்ப உன் தகரத்த எடுத்து சட்டைப் பையில போட்டுக்கணும், வெளிய வந்ததும் மாட்டணும். ஆணி காலியா இருந்தா ஆளு உள்ள இருக்கான். எல்லாம் தொங்குனா உள்ள யாரும் இல்ல, கதவுக்குக் கொண்டி போடலாம். என் நம்பரு பதினொண்ணு. அவன் நம்பரு ஏழு. இன்னிக்கும் அங்க அதே பலகைதான்.

எனக்குக் கல்யாணமான புதுசு. ஒரு நாள் என் தகரத்த முந்தின நாள் போட்ட சட்டையிலயே வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். திரும்பிப் போனா அரை நாள் சம்பளம் போயிரும். கூட்டாளி சொன்னான், "வாண்ணே, என் நம்பர்லயே வா. ரெண்டு நிமிசம், எறா பொட்டி நாலு எடுத்துட்டு வந்துரலாம்"னு. ஒரே நம்பர்ல ரெண்டு பேரு போனோம். நான் பின்னாடி அடுக்குக்குப் போயிட்டேன். அவனுக்கு மூத்திரம் முட்டுச்சு, வெளிய போயிட்டான். போற போக்குல கை தன்னால தகரத்த மாட்டிருச்சு. அப்ப இருந்த மண்டோரு பலகையப் பாத்தாரு, எல்லாம் தொங்குது. கொண்டியப் போட்டுட்டு சாப்புடப் போயிட்டாரு.

உள்ள வெளக்கும் அணைஞ்சு போச்சு. அத இப்ப நெறைய சொல்ல வேணாம். கல்லு மாதிரி ஒரு தெங்கிரி மீன வாலப் புடிச்சுத் தூக்கி கதவுல அடிச்சேன். மொதல்ல நிதானமா அடிப்போம், யாராச்சும் கேப்பாங்கன்னு. அப்புறம் நிதானம் போயிரும். ஒண்ணு, உடனே ஒண்ணு, உடனே ஒண்ணு. அப்புறம் கை தூக்க முடியாம ஒரு பெரிய இடைவெளி. திரும்ப ஒண்ணு. கூட்டாளிக்கு சோறு வாயில வைக்கிறப்பதான் ஞாபகம் வந்துச்சாம். ஓடியாந்து தொறந்தான். என் கையப் புடிச்சுக்கிட்டு அவன் அழுதான். நான் அழல, அழ ஒடம்புல சூடு இல்ல.

சரி, புதன்கெழமைக்கு வர்றேன்.

அன்னிக்கு அவ விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டா. சாமிப் படத்துக்கு முன்னாடி ஒரு நிமிசம் நின்னா, எப்பவும் நிக்க மாட்டா. "ரூமுக்கு மூணு தடவ அழுத்துவேன்ப்பா. மூணும் அடிச்சா கையெழுத்து. ஒண்ணு அடிக்காட்டியும் போட மாட்டேன். தவ்கே கத்துனா கத்தட்டும்"னா. அதே கையோட காடிச் சாவிய ரெண்டு தடவ கீழ போட்டா.

நான் வழக்கம்போல லேப்டாப்பத் தொறந்தேன். நாலு கட்டமும் வந்துச்சு. அரை நிமிசத்துக்கு ஒரு தடவ ஸ்க்ரீனு ஒரு நொடி சாம்பலா ஆகி, திரும்ப நெறம் வரும். எப்பவும் அப்படித்தான், கண்ணு சிமிட்டுற மாதிரி. பழைய பொட்டிதானேன்னு விட்டுருந்தேன்.

பத்து மணி இருக்கும். மூணாம் ரூம் வட்டம் செவந்துச்சு. பக்கத்துல ஒண்ணுன்னு நம்பரு.

எனக்கு சந்தோசம். "ஓடுதுடா!"ன்னேன். இங்க செவந்தா அங்க சைரன் அடிக்கும், அப்படித்தான் நான் நெனச்சிருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு ஆச்சு. அப்புறம் மூணு. முடிஞ்சுது, அடுத்த ரூமுக்குப் போவான்னு தேத்தண்ணிய எடுத்தேன்.

நாலு ஆச்சு. மூணாம் ரூமுலயேதான்.

அஞ்சு. ஆறு.

மூணு தடவன்னுதானே சொன்னா? எண்ணிக்கைய மறந்துட்டாளா? மறக்குறவ இல்ல அவ. ஏழு, எட்டு, ஒம்போது, மளமளன்னு வந்துச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. நான் கப்ப வச்சுட்டு ஸ்க்ரீனயே பாக்குறேன். சாம்பலாச்சு, திரும்ப வந்துச்சு. அப்பவும் ஒம்போதுதான். எவ்ளோ நேரம்னு தெரியல. பத்து ஆச்சு.

அந்த இடைவெளிய நான் கேட்டிருக்கேன். மீனு கையில இருந்தப்ப நானே விட்ட இடைவெளி அது.

எந்திரிச்சேன். கப்பு கவுந்துருச்சு. மக போனுக்கு அடிச்சேன். இந்த நம்பரத் தொடர்பு கொள்ள முடியலன்னு மலாய்ல ஒரு பொம்பள சொல்லுச்சு. திரும்ப அடிச்சேன், அதே பொம்பள. ஐஸ் ரூமுக்குள்ள லைன் வராதே. ஆனா சைரன் அடிச்சிருக்குமே, இத்தன தடவ? அடிச்சா யாராச்சும் தொறந்திருப்பாங்களே? தொறந்திருந்தா எதுக்கு இன்னும் அழுத்துறா?

கூட்டாளிக்கு அடிச்சேன். பிஸி. திரும்ப அடிச்சேன். பிஸி. மூணாவது தடவ எடுத்தான். மீன்பிடி போட்டு மிசினு சத்தம் காதப் பொளந்துச்சு.

"என்னண்ணே, பசியாறியாச்சா?"

"எம்மக எங்கடா?"

"ஆபீஸ்ல இருக்கும்ண்ணே. நான் போட்டு கட்டுற ஜெட்டியில நிக்கிறேன். போட்டு ஒண்ணு சீக்கிரமா வந்துருச்சு, இவனுங்க ஐஸ் பத்தலன்னு உசுர வாங்குறானுங்க..."

"சைரன் அடிக்குதா?"

"சைரனா? இல்லியே. அடிச்சா இங்கயே கேக்குமே."

"இங்க செவந்து கெடக்குடா. மூணாம் ரூமு. பத்து தடவ."

"ஒங்க வீட்டுல எப்படிண்ணே செவக்கும்? பெர்மாஸ்ல இருந்துக்கிட்டு..."

"டேய், அத விடு. பலகையப் பாத்தியா?"

"வர்றப்ப பாத்தேன்லா. எல்லாம் தொங்குச்சு. உள்ள ஆளு இல்லண்ணே, கலவரப்படாதீங்க."

"எம்மக எந்த நம்பர்ல உள்ள போச்சு?"

போட்டு சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"டேய்."

"பட்டன் எங்க இருக்குன்னு காட்ட கூட்டிக்கிட்டுப் போனேண்ணே. என்... என் நம்பர்ல. அப்புறம் ஜெட்டியில இருந்து போன் வந்துச்சு. நீ அழுத்திட்டு வா தாயின்னுட்டு... அலாமாக். அண்ணே, நான் மாட்டிட்டேண்ணே. ஏழ மாட்டிட்டு வந்துட்டேன். கதவுகிட்ட நின்ன பையனும் பலகையப் பாத்துக் கொண்டியப் போட்டுட்டு இங்க வந்துட்டான்."

"ஓடுடா!"

ஓடுனான். போன அணைக்கல. அறுபது வயசுக்காரன் ஓடுற மூச்ச நான் காதுல வச்சுக் கேட்டுக்கிட்டு நிக்கிறேன். ஜெட்டிக்கும் ஸ்டோருக்கும் எவ்ளோ தூரம்னு என் காலுக்குத் தெரியும். பலகைப் பாலம், அப்புறம் தார் ரோடு, அப்புறம் லோரி நிக்கிற எடம். ஒவ்வொண்ணுலயும் செருப்பு சத்தம் மாறும். பாலம் முடிஞ்சுது. தாரு. எவனோ குறுக்க வந்திருப்பான், மலாய்ல கெட்ட வார்த்த ஒண்ணு. ஸ்க்ரீன்ல பதினொண்ணு ஆச்சு. என் நம்பரு. அத ஏன் அப்ப நெனச்சேன்னு தெரியல, நெனச்சேன்.

கொண்டி இழுக்குற சத்தம். கதவோட ரப்பர் ஒட்டு விடுற சத்தம். அப்புறம் அவன் ஏதோ கத்துறான். அப்புறம் எம்மக கொரலு, நடுங்கி, பல்லு அடிச்சுக்கிட்டு:

"மாமா, சைரன் அடிச்சுதா இல்லையா?"

கீழ உக்காந்துட்டேன். தரையெல்லாம் தேத்தண்ணி. அதுலயே உக்காந்துட்டேன்.

பத்து, பன்னண்டு நிமிசம் உள்ள இருந்திருக்கா. நான் இருந்த நேரத்துல பாதி. மூணு தடவ அழுத்திட்டு வெளிய வரலாம்னு பாத்தா, உள்ள இருந்து கொண்டியத் தள்ளித் தொறக்குற குமிழு ஐஸ் புடிச்சு எறுகிப் போச்சு. தடியா ஜாக்கெட் போட்டிருந்ததால வெரலெல்லாம் நல்லா இருக்கு. அத நான் நாலு தடவ கேட்டேன்.

அர மணி நேரம் கழிச்சு அவளே கூப்புட்டா. கொரலு கொஞ்சம் தெளிஞ்சிருந்துச்சு.

"ப்பா, மாமா சொல்றாரு, நீங்கதான் போன் போட்டீங்களாம். வீட்டுல செவந்துச்சுன்னீங்களாம். எதுல செவந்துச்சு?"

பொய் சொல்லிருக்கலாம். மனசுக்குப் பட்டுச்சும்மா, பெத்த மனசுன்னு சொன்னா கூட்டாளி சாட்சி சொல்லுவான், மெர்சிங்கே நம்பும். ஆனா மூணு மணிக்கு அவ கையெழுத்துப் போடணும்.

"ஒன் பழைய லேப்டாப்புலம்மா."

"அது ஓடுதா?"

"நீ போனதும் தெனமும் தொறப்பேன். மூணு வாரமா."

"நான் வீட்டுல இருக்குற நாள்ல?"

"தொறக்க மாட்டேன். நீ சிரிப்பன்னு."

அங்க அவ கீபோர்டத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மெதுவா சொன்னா. "நான்தான்ப்பா தப்பு பண்ணிட்டேன். அந்த லேப்டாப்புல எழுதுனத அப்படியே தூக்கி இங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டேன். பேரு மாத்தல. ரெண்டும் புரோக்கர்கிட்ட போயி ஒரே பேரச் சொல்லுது. ஒரு பேருக்கு ஒரு ஆளத்தான் அது வச்சுக்கும். புதுசா ஒண்ணு வந்தா பழச வெளிய தள்ளிரும். இங்க இருக்கறத தள்ளிட்டா அரை நிமிசம் பொறுத்துட்டுப் போன்னு சொல்லி வச்சிருக்கேன். வீட்டுல இருக்கறதுக்கு அந்தப் பொறுமை சொல்லித் தரல. அது உடனே போயி நுழைஞ்சுக்கும். சேதி பூரா ஒங்ககிட்டதான் வந்திருக்கு."

ஒரே நம்பர்ல ரெண்டு பேரு. எனக்கு அதுக்கு மேல வெளக்கம் வேண்டியிருக்கல. மூணு வாரமா நான் தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு நாலு ரூமு ஆளுங்களோட கொரல வாங்கி மடியில வச்சுக்கிட்டு இருந்திருக்கேன். இன்னிக்கு நான் பாக்காம தூங்கிப் போயிருந்தா என்னம்மா ஆயிருக்கும்னு கேட்டேன்.

"தூங்கியிருந்தா லேப்டாப்ப மூடியிருப்பீங்க, இங்க அடிச்சிருக்கும்"னு அவ சொன்னா. அது சரி. ஆனா தொறந்து வச்சுட்டுக் கண்ணசந்திருந்தா?

"ப்பா. இப்ப மூடுங்க."

மூடுனேன். மரத்துப் போன வெரலால மூடுனேன், அதுக்கு ஒண்ணும் தெரியல.

"மூடிட்டேன்."

"போன வச்சுராதீங்க."

அங்க கூட்டாளிகிட்ட அவ சொல்றது கேட்டுச்சு, "மாமா, உள்ள போயி அழுத்துங்க. கதவ மூடாதீங்க. கதவுகிட்ட நான் நிக்கிறேன்"னு. அவன், "ஏழ எடுத்துக்கிட்டேன் தாயி, பாரு, பையில இருக்கு"ன்னான்.

நான் போனக் காதோட அழுத்திக்கிட்டு நின்னேன்.

சைரன் அடிச்சுது. போன்லயே காது வலிச்சுது. நிறுத்துனாங்க. திரும்ப அடிச்சுது. பன்னண்டு தடவ அழுத்துனாங்க, நாலு ரூமு, மூணு மூணு. பன்னண்டும் நான் கேட்டேன். நடுவுல கூட்டாளி, "அண்ணே, கேக்குதா, அண்ணே"ன்னு கத்துனான். கேக்குதுடான்னு நானும் கத்துனேன்.

கையெழுத்துப் போட்டா. ஆனா கீழ ஒரு வரி சேத்து எழுதிட்டாளாம், கதவுகிட்ட ஆளு நிக்கணும், குமிழ தெனமும் பாக்கணும்னு. தவ்கே மொறச்சாராம். அவ ஈர ஜாக்கெட்ட அவரு மேசை மேல வச்சுட்டு அங்கயே நின்னாளாம். அவரும் போட்டுட்டாரு.

வீட்டுக்கு வந்து எங்கூட மூணு நாளு சரியாப் பேசல. கோவம் எம்மேலயா அவ மேலயான்னு தெரியல. சோறு போடுவா, போயிருவா. நாலாவது நாளு, சனிக்கெழம, அந்தப் பழைய லேப்டாப்ப தூக்கிட்டு வந்து எம்பக்கத்துல உக்காந்து தட்ட ஆரம்பிச்சா.

"தூக்கிப் போடப் போறியா?"

"இல்ல. பேரு மாத்துறேன். இதுக்குத் தனிப் பேரு குடுத்தா ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளாது. சேதி ரெண்டு பக்கமும் வரும். நீங்களும் பாத்துக்கிட்டு இருங்க, கண்ணு ரெண்டு கூட இருந்தா நல்லதுதான்." தலைய தூக்காமயே கேட்டா, "அங்க ஒங்க நம்பரு என்னா?"

"பதினொண்ணு."

தட்டுனா. நாலு கட்டமும் வந்துச்சு. நான் அரை நிமிசம் எண்ணுனேன், ஒரு நிமிசம் எண்ணுனேன். ஸ்க்ரீனு கண்ணு சிமிட்டல. ரெண்டாம் ரூம் மட்டும் பதினஞ்சுக்கு ஏறுச்சு.

"யாரோ கதவத் தொறந்து வச்சிருக்கான்"னேன்.

"மாமாவுக்கு போன் போட்டுத் திட்டுங்க"ன்னா.